ஒற்றையடித் தடமும் த்ரூபுட்டும்

விழாத் தலைவர் செல்லசாமி ஐயா அவர்களே, வழுக்கும் சரிவில் வேரூன்றி நின்ற பெரியோர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இந்தப் பெரட்டுக் களத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையிலிருந்து என்னைச் சிரிக்கவைக்கப் பார்க்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் சுதர்ஷினி டீச்சரின் அன்பு வணக்கம்.

நன்றி சொல்ல வந்தேன். ஒரு சொல்லைப் பற்றிப் பேசாமல் அந்த நன்றியைச் சொல்ல முடியாது. த்ரூபுட்!

என்ன, அழகம்மாக்கா? "அப்புடின்னா என்னங்க டீச்சர்?" என்கிறீர்களா? சொல்கிறேன். ஒரு வழியால், ஒரு மணி நேரத்தில், அந்தப் பக்கம் போய்ச் சேர்வது எவ்வளவோ, அதுதான் த்ரூபுட். பக்டரியில் பச்சைக் கொழுந்து மலையாய்க் குவிந்திருக்கட்டும். மணிக்கு எத்தனை கிலோ தூளாகி வெளியே வருகிறது? புறப்பட்டது கணக்கில்லை, போய்ச் சேர்ந்ததே கணக்கு! கம்பியூட்டர் வகுப்பில் இதை எத்தனையோ முறை எழுதிப் போட்டேன். விளங்கிக்கொண்டது, போன வருட மழையில், உங்கள் கைகளில் கிடந்தபோதுதான்.

மழையா அது? மலையே உருகி வழிந்தது! மண்சரிவு பாதையை விழுங்கியது. மிஞ்சியது, ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய ஒற்றையடித் தடம். நம் லய வீடுகளில் அரிசி இல்லை. சரிவுக்கு அந்தப் பக்கம் இப்றாஹிம் முதலாளி தம் கடை அரிசியை லொறியில் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லோரும் ஓடினார்கள். மூட்டையோடு வந்தவரும் வெறுங்கையோடு போனவரும் நடுவழியில் முட்டிக்கொண்டார்கள். ஓட்டமோ பெரிது; வந்து சேர்ந்ததோ சொற்பம்!

முதலாளி கத்தினார்: "யாரும் நடக்க வாணாம்! நிண்ட எடத்துலயே நில்லுங்க! லொறி எறக்குற மாதிரி கைமாத்தி உடுங்க!"

நின்றீர்கள். மூட்டைகள் மட்டும் நகர்ந்தன.

அந்நேரம் எனக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். கொழுந்து கட்டும் சாக்குப் படங்கில் என்னைக் கிடத்தி, என் கணவர் கஜேந்திரனும் நண்பர்களும் தூக்கி வந்தார்கள். வழி ஒன்றுதான், அதில் அரிசி வருகிறது. நிறுத்தினால் பசித்த பிள்ளைகளுக்குச் சோறு பிந்தும். நிறுத்தாவிட்டால் நான் போக முடியாது. எந்த வாயால் கேட்பார் என் கணவர்?

அவர் கேட்கவே இல்லை. வரிசையின் இந்தப் பக்கத் தலையில் நின்ற பேச்சியம்மாக்கா, கைக்கு வந்த மூட்டையைச் சேற்றில் இறக்கினார். அவருடைய பிள்ளைகளுக்கு முதல்நாளிலிருந்து வெறும் தேத்தண்ணிதான்.

"அரிசி கெடக்கட்டும்! புள்ளத்தாச்சிய மொதல்ல அனுப்புங்கடா!"

வரிசை முழுவதும் மூட்டைகள் இறங்கின. கைக்குக் கை மாறினேன். கண்ணை இறுக மூடியிருந்தேன். காது மட்டும் கேட்டது. "பயப்படாதீங்க டீச்சர்." "புடிச்சிட்டேன், உடுங்க." "அந்தா, லொறி தெரியுது." ஒரு கை நழுவியதா? ஒரு கால் பின்வாங்கியதா? இல்லை! இல்லவே இல்லை!

மிச்ச மூட்டைகளைச் சரிவோரம் இறக்கிவிட்டு, அதே லொறியில் ஆஸ்பத்திரி. அன்று மாலை என் மகள் பிறந்தாள். அந்தச் செய்தி இங்கு எட்டியபோது, லயமெங்கும் சோறு வெந்துகொண்டிருந்ததாம்.

அன்பு நெஞ்சங்களே! ஒரு வழி எவ்வளவு கடத்தும் என்று அளந்து சொல்ல இயந்திரம் போதும். எதை முதலில் கடத்துவது என்று எந்த இயந்திரம் சொல்லும்? பசித்த வயிற்றோடு நின்று நீங்கள் சொன்னீர்கள்! என் மகளுக்கு வழிவிட்டுச் சொன்னீர்கள்!

அதோ, அவள் அழத் தொடங்கிவிட்டாள், பால் நேரம். லொறி தந்த இப்றாஹிம் முதலாளிக்கு நன்றி. பேச்சியம்மாக்கா, நீங்கள் சேற்றில் இறக்கிய அந்த முதல் மூட்டைக்கு நன்றி. என்னைத் தாங்கிய கைகள் அத்தனையையும் கும்பிட்டு இறங்குகிறேன். வணக்கம்!