கதையில் இல்லாத வைத்தியச்சி

கதைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கும். நடந்தவைதான் கொஞ்சம் குழம்பும். தனக்கொடி எங்கள் தெருவுக்குக் குடிவந்தது எழுபத்தாறிலா எழுபத்தேழிலா என்று கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த வாரம் தொடர்கதையில் இளவரசி ஆற்றங்கரையில் படைத்தலைவனுக்காகக் காத்திருந்தாள் என்பது தெரியும். நீங்கள் கேட்கிறீர்கள். நினைவில் இருப்பதைச் சொல்கிறேன்.

சாரம் பகுதியில் எங்கள் தெருவில் எல்லாருமே மில் குடும்பம். மதியச் சங்கு ஊதியதும் பெண்கள் என் வீட்டுக்கு வருவார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வார இதழில் வந்த சரித்திரத் தொடரை நான் வாசிக்க, அவர்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார்கள். முடிந்ததும் அந்தப் பக்கங்களைக் கிழித்து, பைண்டு செய்வதற்காகச் சேர்த்துவைப்பேன். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. வாசிக்கும்போதுகூட ஓரிடத்தில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அத்தனை பேரும் என் வாயையே பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்கும்.

தனக்கொடி கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். புருஷன் வேண்டாம் என்று அவளாகவே விட்டுவிட்டு வந்தவள். ஒரு டாக்டரிடம் ஊசி போடும் வேலை. சைக்கிளில் போவாள், கடிகாரம் கட்டுவாள், முடியைத் தோளளவு வெட்டியிருந்தாள், தனியாகவே மேட்டினி பார்த்துவிட்டு வருவாள். இதையெல்லாம் நான் தப்பாக நினைத்ததில்லை. அவரவர் பாடு.

ஒருநாள் அவளும் கதை கேட்க வந்தாள். எனக்குப் பின்னால் உட்கார்ந்து இதழை எட்டிப் பார்த்தாள்.

“ஆதிலட்சுமிக்கா, ஒரு பக்கத்த அப்படியே முழுங்கிட்டீங்களே. ஓடத்துல ரெண்டு பேரும் தனியா இருந்தாங்களே, அது எங்க போச்சி?”

அந்த மாதிரி இடங்களை நான் வாசிப்பதில்லை. அவள் இதழை என் கையிலிருந்து எடுத்து வாசித்தாள். இளவரசிக்கு ஒரு குரல், படைத்தலைவனுக்கு ஒரு குரல். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“எங்கூட்டுக்காரர இந்தப் படைத்தலைவன்கிட்ட நாலு நாளு வேல பழக அனுப்பணும்,” என்றாள் எதிர்வீட்டுக் கொளஞ்சி.

“இத்தினி நாளா எங்கள பட்டினி போட்டுட்டியேக்கா,” என்றாள் அன்னக்கிளி. பக்கத்து வீட்டுக்காரி, கைக்குழந்தைக்காரி. அதுவரை என் காலடியில்தான் உட்காருவாள்.

அதற்குப் பிறகு அவர்கள் கடைசி வீட்டுக்குப் போனார்கள். மதியம் சங்கு ஊதும். நான் இதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர்கள் சிரிப்பது என் வீடு வரை கேட்கும்.

சில மாதங்களில் தனக்கொடிக்கு வேலை மதியத்துக்கு மாறியது. பெண்கள் திரும்பி வந்தார்கள். நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. இதழைப் பிரித்து வாசித்தேன். அந்த வாரம் தொடரில் ஒரு வைத்தியச்சி வந்தாள். கணவனை விட்டவள், ஆண்பிள்ளைபோல் குதிரை ஏறுகிறவள், முடி தோளளவுதான். அரண்மனைப் பெண்களிடம் இனிக்க இனிக்கப் பேசினாள். அவள் கொடுத்த கஷாயத்தைக் குடித்த சேடி ஒருத்தி படுத்த படுக்கையானாள். அதற்கடுத்து இளவரசியின் தம்பிக்கு, தொட்டில் குழந்தைக்கு, அவள் மருந்து கலக்கினாள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு நான் வெகுநேரம் சும்மா இருந்தேன்.

“அவ நடக்குற நடையிலயே தெரியலியா,” என்றாள் கொளஞ்சி.

எவள் நடை என்று நான் கேட்கவில்லை. தனக்கொடியின் சைக்கிள் மணி கேட்டால் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அந்தக் கோடையில் தெருவில் குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவியது. அன்னக்கிளியின் குழந்தைக்கும் வந்தது. வேலைக்குப் போகிற வழியில் தனக்கொடி என் வாசலில் சைக்கிளை நிறுத்தினாள்.

“அக்கா, உப்பும் சக்கரையும் போட்டுத் தண்ணி கலக்கிக் குடுத்திருக்கேன். அன்னக்கிளி புள்ளைக்குக் குடுக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேங்குது. நீங்க சொன்னா கேக்கும்.”

நான் மடியிலிருந்த இதழில் ஒரு பக்கத்தைத் திருப்பினேன்.

“அந்தப் புஸ்தகத்த நானும் வாங்குறேங்கா. அதுல வைத்தியச்சின்னு யாருமே இல்ல. நா யாருகிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். புள்ளைக்காக ஒரு வார்த்த சொல்லிடுங்க.”

அவள் சொன்னது சரிதான். அச்சிட்ட பக்கத்தில் படைத்தலைவன் போருக்குப் போய்க்கொண்டிருப்பான், என் வாயில் வைத்தியச்சி கஷாயம் காய்ச்சிக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதில்கூட எனக்கு வருத்தமில்லை. சொல்ல மாட்டேன் என்றாளே, அதுதான் பொறுக்கவில்லை. என் இடத்தை எனக்கே பிச்சையாகப் போட்டுவிட்டுப் போனாள்.

சற்றைக்கெல்லாம் அன்னக்கிளி வந்தாள். குழந்தை அவள் தோளில் துவண்டு கிடந்தது. கையில் சொம்பு.

“இதக் குடுக்கவாக்கா?”

நான் இதழைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“கதையில அந்தத் தொட்டில் புள்ள பொழச்சிதாக்கா?”

“இல்ல,” என்றேன்.

கதையைப் பற்றிக் கேட்டாள், கதையைப் பற்றிச் சொன்னேன். சொம்பை என் வாசலிலேயே கவிழ்த்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை குழந்தை இறந்தது.

அன்று சாயங்காலம் பெண்கள் கடைசி வீட்டுக்குப் போய் சைக்கிளைக் கிணற்றில் தள்ளினார்கள். இருந்த முடியையும் அறுத்தார்கள். நான் போகவில்லை, எனக்குக் கூச்சல் ஆகாது. தனக்கொடி இதழ்களை அள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொருத்தியின் முகத்துக்கு நேரேயும் விரித்துக் காட்டினாளாம், அப்படி ஒருத்தி எங்கே இருக்கிறாள் பாருங்கள் என்று. யாருக்குப் படிக்கத் தெரியும்?

அன்னக்கிளி இப்போது உப்பளம் பகுதியில் குடியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை இல்லை. தனக்கொடி காரைக்கால் பக்கம் ஏதோ ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்கிறார்கள். கொளஞ்சி வீட்டில் டிவி வாங்கினார்கள், எல்லாரும் அங்கே போகிறார்கள். தொடரைப் பைண்டு செய்து வைத்திருக்கிறேன். ஓடத்துப் பக்கம் உட்பட எல்லாம் இருக்கிறது, அடிக்கடி எடுத்துப் படிப்பேன். என் மகள் வேம்பு லாஸ்பேட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். அன்னக்கிளியின் குழந்தை இறந்த வாரம், சின்னப் பிள்ளையாக இருந்த அவளுக்கும் அதே வயிற்றுப்போக்குதான். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை என்று அதே இதழின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்துக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நான்தான் புகட்டினேன்.