ஆர்தரை ஒளித்து வைத்த வீடு

படிக்கட்டுக் கம்பியில் மூன்று தட்டு. டங். டங். டங். கீழே வங்காளி வாட்ச்மேன் ரஃபீக் ஸ்பேனரால் அடிக்கிறார். பிறகு அவர் குரல்.

"பாய்! ஜல்தி! ஆர்மி!"

ஆர்தர் ஸ்டூலில் ஏறுகிறார். பாத்ரூமுக்கு மேலே சாமான் போடும் பரண். ஆறடி ஆளை அதற்குள் மடித்துத் திணிக்கிறேன். பலகையை மூடுகிறேன். படியில் பூட்ஸ் சத்தம். நான்கு பேர் இருக்கலாம்.

குவைத், மங்காஃப். இராக் படை ஊருக்குள் வந்த நாற்பத்து நான்காம் நாள். வெள்ளிக்கிழமை. காலை பத்து இருபது.

படை வந்தது 1990 ஆகஸ்ட் 2. ஆர்தர் எங்கள் எதிர் ஃப்ளாட்காரர். இங்கிலாந்துக்காரர், பம்ப் இன்ஜினியர், தனி ஆள். இராக் படை வெள்ளைக்காரர்களைப் பணயக்கைதிகளாகத் தேடிப் பிடித்தது. ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று ரேடியோ சொன்னது. எங்கள் வீட்டில் ஒளிய வந்த மூன்றாம் நாள், தான் யூதர் என்றார். வேலை மனுவில் கிறிஸ்தவர் என்று எழுதியிருந்தாராம். கையடக்கமான ஜெபப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். அதை அவரே எங்கள் அடுப்பில் எரித்தார்.

இந்தியர்கள் பஸ் பிடித்து ஜோர்டானுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் போயிருப்பேன். என் மனைவி வசந்தா விடவில்லை.

"அந்த மனுசன வெளிய தள்ளிட்டு பஸ் ஏறினா, நமக்குச் சோறு எறங்குமா? நீங்க இருங்க. நான் புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

முப்பத்தோராம் நாள் போனாள். பஸ் சத்தம் தெருமுனை வரை கேட்டது. பிறகு வீட்டில் பேச்சே இல்லை. ஆங்கிலக் குரல் வெளியே கேட்கக் கூடாது. இரண்டு ஆண்கள் பகலெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஆள் இருந்தும் அப்படி ஒரு தனிமை.

அந்த வெள்ளிக்கிழமை காலை வீட்டைக் கூட்டித் துடைத்தேன். சாமி அலமாரியில் விளக்கேற்றினேன். கட்டிலுக்கடியில் ஆர்தரின் ஷூ தெரிந்தது. சாமி இருக்கிற அறையில் ஷூ. யோசிக்கவேயில்லை. கை தானாக எடுத்துப் போய், வாசலுக்கு வெளியே, என் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கதவைத் திறக்கிறேன். சிப்பாய் வீட்டுக்குள் பார்க்கவில்லை. தரையைப் பார்க்கிறான். ஷூ பன்னிரண்டாம் நம்பர். என் கால் ஏழு. போட்டுக் காட்டச் சொல்லிச் சைகை செய்கிறான். போடுகிறேன். குதிகாலுக்குப் பின்னால் மூன்று விரல் நுழையும்.

துப்பாக்கிக் கட்டை இடது காதில் விழுந்தது. பரண் பக்கம் பார்க்காமல் நின்றேன். இரண்டாவது அடி. பரண் பலகை நகரும் சத்தம்.

"கலாஸ், போதும்," என்றார் ஆர்தர். இறங்கி வந்தார். தெரிந்த அரபியில் சொன்னார்: இவனைக் கத்தியைக் காட்டி மிரட்டித்தான் இங்கே தங்கினேன். இவன் மேல் தப்பில்லை.

சிப்பாய்களோடு வந்த அதிகாரி என் பக்கம் திரும்பினான். நிஜமா என்று கேட்டான்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆர்தரை வெறுங்காலோடு கூட்டிப் போனார்கள். அவருடைய ஷூ என் காலில் இருந்தது. லாரி இரண்டு முறை உறுமியது. மணி பத்து நாற்பது.

டிசம்பரில், பிடித்து வைத்திருந்த வெள்ளைக்காரர்களை விட்டுவிட்டார்கள். அவர்களில் ஆர்தர் இருந்தாரா தெரியாது. அவருடைய தங்கை முகவரிக்கு ஏழு கடிதம் போட்டேன். பதில் இல்லை. இப்போது ஷார்ஜாவில் மகளோடு இருக்கிறேன். அவளுக்கு அவர் முகம்கூட நினைவில்லை.

போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீடும் அதிலிருந்த சாமானும். என் இடது காது. ஒரு ஜெபப் புத்தகம். ஆட்கள் இரண்டு பேர். ஆர்தர் ஒருவர். ரஃபீக் இன்னொருவர். கம்பியைத் தட்டியது யார் என்று மறுநாள் விசாரித்து அவரையும் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

ஷூவை வெளியே வைத்தது நான்தான் என்று வசந்தாவிடம் சொன்னேன். அழுதாள், திட்டவில்லை. ஆர்தரின் பொய்க்கு நான் தலையாட்டியதை மட்டும் சொல்லவில்லை. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று முப்பது வருடம் ஓட்டினேன். அவள் போய் நான்கு வருடமாகிறது.