பெஞ்சைச் சுற்றி முளைத்தது

- வேலி கட்டினது போதும் அண்ணி. பாதை போட நாளைக்கு என் மண் வெட்டுற வண்டியை இந்தச் சரிவுல இறக்கியாகணும். செடிக்குப் பேர் சொல்லுங்க, இல்ல வழியை விடுங்க.

- அவசரப்படாதே தம்பி. வாராவாரம் இந்தக் காட்டுக்கு ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து செடி காட்டுறவ நான். பேர் கண்டுபிடிக்காம விடுவேனா?

- போன வாரமும் இதையேதான் சொன்னீங்க.

- அப்போ வெறும் விதையிலைதான் இருந்தது. அந்த வயசுல எல்லாச் செடிக்கும் ஒரே முகம். இப்போ பாரு, நிஜ இலை விட்டிருக்கு. ஓரமெல்லாம் ரம்பப் பல்லு.

- எனக்கென்னவோ களைன்னு தோணுது.

- உனக்கு எதுதான் களை இல்ல? வண்டிக்கு முன்னாடி நின்னா நானும் களைதான். காடு முழுக்கத் தேடிட்டேன் தம்பி. இந்தப் பெஞ்சைச் சுத்தி மட்டும்தான் இருக்கு. அவ்வளவு அபூர்வம். இதை அழிச்சா என் மனசு ஆறாது.

- ஒண்ணைப் புடுங்கிப் பாத்துடலாம். வேர்ல விதையோட தோல் ஒட்டியிருக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க?

- எனக்குக் கை வரல. நீயே புடுங்கு. மெதுவா. உதறாதே, ஊது.

- இந்தாங்க, இருக்கு. கறுப்பா, ஊசியாட்டம். நுனியில ரெண்டு கொக்கி. இதை எங்கயோ பாத்திருக்கேனே.

- வாய்ப்பே இல்ல.

- அண்ணி, உங்க பேன்ட் ஓரத்தைப் பாருங்க.

- அதுக்கென்ன? நம்ம கொல்லை வழியா வந்தா இந்த முள்ளு ஒட்டத்தான் செய்யும். வந்ததும் இந்தப் பெஞ்சுல உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டுட்டுத்தான் நடையை ஆரம்பிப்பேன்.

- எடுத்து எங்க போடுவீங்க?

- கீழதான்.

- கீழன்னா?

- ஐயோ தம்பி.

- நம்ம கொல்லைக் களைக்கா இத்தனை நாளா வேலி கட்டித் தண்ணி ஊத்தினீங்க?

- சிரி, நல்லா சிரி. எனக்கே வெக்கமாத்தான் இருக்கு.

- போகட்டும் விடுங்க. இனிமே நான் தாராளமா வண்டியை இறக்கலாம்.

- அதுதான் நடக்காது. முளைக்காத முள்ளு இந்த மண்ணுல இன்னும் எவ்வளவு கிடக்கோ. உன் டயர்ல ஒட்டிட்டுப் போய் காடு முழுக்க முளைக்கும்.

- அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?

- உன்னைப் பாதை போடச் சொன்னவங்ககிட்ட அதை அந்தப் பக்கமா திருப்பச் சொல்லு. அபூர்வச் செடியா இருந்திருந்தா பத்திரமா எடுத்து வேற இடத்துல நட்டுட்டு உனக்கு வழி விட்டிருப்பேன். இது என் கையால வந்த வினை, ஒரு பிடி மண்ணைக்கூட உன்னைத் தொட விடமாட்டேன்.