பங்காளி நிரப்பிய கடைசி சிலிண்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் துறைமுகப் பொறியாளர் அவர்களே, மறைந்தவரின் துணைவியாராகிய எங்கள் அண்ணி அவர்களே, கடலுக்கடியில் வேலை பார்க்கும் என் தோழர்களே! முக்குளிப்பு அணியின் மூத்தவன் என்று என்னைப் பேச அழைத்தார்கள். வந்து நிற்கிறேன்.

நமக்காகச் சிலிண்டர்களில் காற்றோடு ஆக்சிஜனைக் கலந்து நிரப்பிய கலவைக்கூடத் தலைவரை, அந்தப் பெருமகனை, நாம் ‘பங்காளி’ என்றுதான் அழைத்தோம். ஏன்? சிலிண்டரைத் தொட்டாலே, “ஆக்சிஜனோட பங்கு எவ்வளவு? சொல்லிட்டுத் தூக்கு” என்பார். சொத்துக்குக்கூட இப்படிப் பங்கு கேட்ட பங்காளி உண்டா? கலவையில் ஆக்சிஜன் நூற்றுக்கு எத்தனை, இறங்கும் ஆழத்தில் மொத்த அழுத்தம் எவ்வளவு, இரண்டையும் பெருக்கினால் அதன் பங்கு. ஒன்று புள்ளி நான்கைத் தாண்டினால் வலிப்பு வரலாம். அடியில் வலிப்பு வந்தவன் மேலே வருவானா?

“அண்ணே, நீங்க நிரப்பினதை நான் சோதிக்கிறதா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். “மரியாதை இருந்தா எனக்கு வணக்கம் வை. சிலிண்டருக்கு எதுக்குடா மரியாதை?” என்று எரிந்து விழுந்தார்.

அன்பர்களே! சென்ற வாரம் என் சிலிண்டரை நிரப்பி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மாரடைப்பு. எழவே இல்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று, “அண்ணன் கைபட்ட கடைசி சிலிண்டர். இதைப் போய் யாராவது அளப்பாங்களா?” என்றான் ஒரு தோழன். எனக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் அளந்தேன். நூற்றுக்கு முப்பத்திரண்டு இருக்க வேண்டிய ஆக்சிஜன் நாற்பது இருந்தது. நான் இறங்க வேண்டியது முப்பது மீட்டர். அங்கே அழுத்தம் நான்கு மடங்கு. புள்ளி நான்கை நான்கால் பெருக்கினால் பங்கு? ஒன்று புள்ளி ஆறு!

இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று சிலர் தடுத்தார்கள். நெஞ்சுவலியை யாரிடமும் சொல்லாமல் வால்வைத் திருகியிருக்கிறார், கை தவறிவிட்டது. அதை மறைத்தால் அவர் பெயர் நிலைக்குமா? அவர் பெயரே அந்தக் கணக்குதானே!

“இந்தச் சிலிண்டரை ஞாபகமா வீட்ல வச்சுக்கிறீங்களா அண்ணி?” என்று கேட்டேன்.

“வேண்டாம்பா. யாராவது தெரியாம முதுகுல மாட்டிக்கிட்டா? திறந்து விட்டுடு. அவர் இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பார்.”

திறந்தேன். காற்று சீறி வெளியேற வெளியேற இரும்பு சில்லிட்டது. அண்ணி அதன்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. அதைப் பார்த்து நாங்கள் அழுதோம்.

நாளை காலை மறுபடி இறங்குகிறோம். இனி யார் நிரப்பினாலும் அளப்போம். நானே நிரப்பினாலும் அளப்பீர்கள். இது உறுதி!

அண்ணே! உங்களை நம்பாமல் அளந்தேன். அதனால்தான் இன்று உங்களுக்காக அழ உயிரோடு நிற்கிறேன்.