புலி பார்க்க ஒரு ஜோடி பூட்ஸ்

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில், முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். புலி பார்க்க முதுமலைக்குப் போகிறார்களாம்.

"தொப்பி, பைனாகுலர், பச்சைச் சட்டை எல்லாம் பெட்டியில வச்சாச்சு. முழங்கால் வரைக்கும் பூட்ஸ் ஒண்ணுதான் வாங்கணும்."

"ஜீப்பை விட்டு எறங்கவே கூடாதுன்னுருக்காங்க. பூட்ஸ் எதுக்குங்க?"

"காட்டுல பாம்பு கீம்பு இருக்கும்டி."

புலியிடம் இல்லாத பயம் பாம்பிடம்.

"வரப்பெல்லாம் பாம்பா கெடக்கு, தண்ணி பாய்ச்சப் போக பூட்ஸ் வாங்கிக் குடுங்கன்னு நம்ம வயல்ல வேலை பாக்குறவரு கேட்டாரே, என்ன சொன்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"'பாம்பெல்லாம் உனக்குப் பழகினதுதானே, ஒண்ணும் பண்ணாது'ன்னீங்க."

"அது வேற."

"வாங்குற பூட்ஸை அவருகிட்டக் குடுத்துட்டு, செருப்போட வாங்க. ரெண்டு நாள்ல பாம்பு உங்களுக்கும் பழகிடும்."