வீரமலை எடுக்காத உப்பு

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, பாய்லர் பிரிவுத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வெள்ளையம்மாள் அம்மையாரே, வணக்கம்.

நம் அரியமங்கலம் மில்லில் பதினாறு ஆண்டுகள் தண்ணீர் பார்த்து மறைந்த தோழர் வீரமலையைப் புகழச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். எனக்கு அதற்கு என்ன தகுதி இருக்கிறது?

பாய்லருக்குப் போகும் கிணற்றுத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்வது தொட்டியிலிருக்கும் சியோலைட் மணல். பூமியில் கிடைப்பதும் உண்டு. நம்முடையது தொழிற்சாலையில் செய்தது. பிடித்துப் பிடித்துக் களைத்த மணலை உப்புநீரில் அலசினால் மறுபடி வேலை செய்யும். அந்த அலசலைச் செய்தவர் வீரமலை.

1957 கோடையில் ஆறு பிரியும் முக்கொம்பிலேயே மணல் தெரிந்தது. கிணற்று மட்டம் இறங்கி, தண்ணீரில் சுண்ணாம்பு ஏறியது. நாளுக்கு ஒருமுறை அலசியவர் இருமுறை அலசினார். உப்பு மூட்டைகள் சீக்கிரம் காலியாயின. இன்ஜினீயரான நான் என்ன நினைத்தேன்? வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன்.

"ஐயா, இந்தத் தண்ணியில சோப்பைப் போட்டு ஒருதரம் குலுக்கிப் பாருங்க. நுரையே வரலைங்க" என்றார்.

"எனக்கே பாடம் சொல்றியா?" என்றேன்.

குலுக்கிப் பார்த்தேனா? இல்லை. 'உப்புத் திருட்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டு அவரை வேலையிலிருந்து நிறுத்தினேன். அடுத்து வந்தவரிடம், ஒருமுறை அலசினால் போதும் என்றேன்.

இருபத்தாறாம் நாள் பாய்லர் குழாய் வெடித்தது. பாய்லரில் நின்ற தோழர் அடைக்கலத்தின் வலக்கை வெந்தது. குழாயை அறுத்துப் பார்த்தோம். உள்ளே அணாக் காசு கனத்துக்குச் சுண்ணாம்பு படிந்திருந்தது.

வீரமலையைத் திரும்ப அழைத்தேன். வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் அடைக்கலத்தைப் பார்த்துவிட்டு நேரே தொட்டிக்குப் போனார்.

நானோ, மட்டமான உப்பு வந்துவிட்டது என்று மேலிடத்துக்குக் காரணம் எழுதினேன். திருட்டு என்று எழுதியதை அடிக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் சிலர் அவர் முதுகுக்குப் பின்னால் 'உப்புத் திருடன்' என்றார்கள். என் காதிலும் விழுந்தது. வாய் திறந்தேனா? அவர் உயிரோடு இருந்த ஒரு நாளாவது திறந்தேனா?

சென்ற வாரம் ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவி வெள்ளையம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகும்? எனக்குத்தான் தெரியுமே. பேசினவங்க முன்னாடி சொல்லுங்க" என்றார்.

சொல்கிறேன். தோழர் வீரமலை ஒரு பிடி உப்பும் எடுத்ததில்லை. பொய் எழுதியவன் நான்.

தண்ணீர் சரியில்லை என்று தண்ணீர் பார்ப்பவர் சொன்னால் எந்த இன்ஜினீயரும் அதை மீறக்கூடாது. அப்படி ஒரு விதி வரும்வரை நான் ஓயமாட்டேன். இப்போது சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். நாளை காலை மில் வாசலில் ஒட்டுவார்கள். அதற்கு முன், தலைவர் அவர்கள் இதை உரக்கப் படிக்க வேண்டும்.

படித்து முடியும்வரை நான் இங்கேயே நிற்கிறேன்.