ஆளுக்கு நாப்பது லிட்டர்

எழுதாதீக சார். அந்தப் பேனாவ மூடுங்க மொதல்ல. நாப்பதுன்னு போட்டீகன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். வந்துருச்சு, அது வேற.

புதுத் திட்டம் போடத்தான வந்திருக்கீக? முப்பது வருசத்துக்கு எல்லாருக்கும் சமமா, நிக்காமத் தண்ணி வரும்னு இப்பத்தான சொன்னீக? கேக்க நல்லாத்தான் இருக்கு. பதினோரு வருசமா இந்தத் தொட்டிக்கு நாந்தான் ஆபரேட்டர். மோட்டார் போடுறதும் நான், வால்வு தெறக்குறதும் நான். எங்கிட்டக் கேளுங்க. டவுன்காரனுக்கு எம்புட்டு? தொண்ணூறா? ஏன், அவனுக்கு ஒடம்பு ரெண்டா இருக்கா?

நீங்க உக்காருங்க, நெழல் அங்கன இருக்கு. நான் நின்னே பேசுறேன்.

இந்த ஊர்ல நூத்தி எழுவது வீடு. வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாசுக் கம்பெனிக்குப் போறாக. சாயங்காலம் வேன்ல இருந்து எறங்குறப்பப் பாருங்க. புருவம், காது, சேல மடிப்பு அம்புட்டும் அலுமினியத் தூளு. வெள்ளிக் கவசம் சாத்துன சாமி மாதிரி வருவாக. சிரிக்கிறீக. அது வெடிமருந்து சார். தலையோட குளிச்சு, சேலைய அலசிப் போட்டுட்டுத்தான் அடுப்புக்கிட்டப் போகணும். இங்கன பச்சப்பிள்ளைக்கும் தெரியும். அதுக்கே நாலு கொடம் வேணும். உங்க நாப்பது அதுலயே முடிஞ்சு போச்சு. கஞ்சி காச்ச எவன் குடுப்பான்?

கம்பெனியில குளிக்கலாமாம்ல! கை கழுவ ஒரே ஒரு குழா. வேன்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டு நிப்பான். போங்க சார்.

அந்த நாப்பதாவது வருதா? பைப்புல நாங்கதான் கடைசி ஊரு. கரண்டு எப்பப் போகும், எப்ப வரும்னு கரண்டுக்கே தெரியாது. குழாயடியில மண்டைய ஒடச்சுக்கிட்டுக் கெடந்த ஊரு இது. நாந்தான் மொற வச்சேன். மூணு தெரு, தெருவுக்கு ஒரு நாளு. தலைவர் வீட்ல இருந்து வந்து நின்னாக, ஒரு கொடம் கூடக் குடுக்கல. சமம்னா சமம். ஊரே என்னைய மெச்சுச்சு.

போன சீசன், தீவாளிக்கு இருவது நாள் கெடக்கு. அன்னைக்கி வடக்குத் தெரு மொற. தெக்குத் தெரு பாண்டிச்செல்வி, புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவ, வேன் எறங்குன கையோட ரெண்டு கொடத்தத் தூக்கிட்டு இங்கன வந்துட்டா. ரெண்டு நாளாத் தலைக்கு ஊத்தல, அரிப்புத் தாங்கலன்னா. மொற நாளைக்கித்தான், போன்னேன். கெஞ்சுனா. நான் சத்தம் போட்டேன். தொட்டியில தண்ணி இருந்துச்சு சார், அதையும் சொல்லிர்றேன்.

போயி, ஒரு செம்புத் தண்ணியில மொகத்த மட்டும் கழுவியிருக்கா. பிள்ளைக பசியில கெடக்குன்னு அடுப்பப் பத்த வச்சிருக்கா. சேல முந்தியில ஒரு பொறி விழுந்துருக்கு. ஒண்ணே ஒண்ணு. வேன்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், உசுரு சாத்தூர் தாண்டல.

யாரும் என்னைய ஒரு கொறை சொல்லல. மொற மொறதானப்பா, நீ என்ன செய்வேன்னு எங்கிட்டயே வந்து சொல்லிட்டுப் போனாக. செருப்பால அடிச்சிருந்தாக் கூட ஆறியிருக்கும்.

அதான் சொல்றேன், தலைக்கு இம்புட்டுன்னு எண்ணாதீக. அந்தத் தலையில என்ன அப்பியிருக்குன்னு பாத்து எண்ணுங்க. மருந்து வேலைக்குப் போறவுகளத் தனியா எழுதுங்க. எழுதலன்னா இந்தத் தாள இங்கனயே கிழிப்பேன், போலீசுக்குச் சொல்றதுன்னாச் சொல்லிக்கோங்க.

என்ன கேக்குறீக? அன்னைக்கி ரெண்டு கொடம் விட்ருக்கலாமேன்னா?

விட்ருக்கலாம். வேற வீட்டுப் பொம்பள வந்து அப்படி நின்னிருந்தா விட்டுத்தான் இருப்பேன். ஆபரேட்டர் பொண்டாட்டிக்கு மட்டும் மொறையில்லாத நாள்ல தண்ணியான்னு ஊரு கேக்கும்ல சார்.